சுந்தரவனத்தில் மூன்று நாள்: குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

கல்கத்தாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஒரே பொருள்தான்: கோரமண்டலில் டிக்கெட் கிடைத்ததா இல்லையா என்பது. கிடைத்தால் ஊர். கிடைக்காவிட்டால் வீடு. எப்போதாவது ஒரு முறை பூரி, டார்ஜிலிங். லேக் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்து கல்லூரிக்கே போய்விட்ட நம் பிள்ளைகள் பலருக்கு, வீட்டிலிருந்து நூறு கிலோமீட்டர் தூரத்தில் உலகத்திலேயே பெரிய அலையாத்திக் காடு இருப்பது பாடப்புத்தகத்தில் வரும் ஒரு வரி மட்டுமே.

அந்தக் காட்டுக்கு நாம் கொஞ்சம் கடமைப்பட்டவர்களும் கூட. 2020 மே 20-ஆம் தேதி ஆம்பன் புயல் வந்த இரவை இங்கே இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மரங்கள் சாய்ந்து, நாள் கணக்கில் மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் தவித்தோம். கடலிலிருந்து எழுந்த அந்தப் புயலின் முதல் அடியை வாங்கிக்கொண்டது சுந்தரவனம். அது நடுவில் இல்லாதிருந்தால் நகரம் பட்ட பாடு இன்னும் மோசமாக இருந்திருக்கும். நம் வாசலுக்குக் காவல் நிற்கும் காட்டை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட்டு வருவது நல்லது. குளிர்கால விடுமுறை அதற்குத் தோதான சமயம். பாட்டி தாத்தா முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை எல்லோரையும் அழைத்துப் போக நினைப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

எப்படிப்பட்ட இடம்?

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் வளர்ந்த காடு இது. இந்தியாவிலும் வங்காள தேசத்திலுமாகச் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரந்திருக்கிறது. நம் பக்கத்தில் 102 தீவுகள் என்று கணக்கு. அவற்றில் 54 தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள், மீதி காடு. 1973-இல் புலிகள் காப்பகம், 1984-இல் தேசியப் பூங்கா, 1987-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று படிப்படியாகப் பாதுகாப்பு வந்தது.

சுந்தரி என்ற மரத்தால் சுந்தரவனம் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். நமக்கு நெருக்கமான மரம் ஒன்றும் இங்கே நிறைய உண்டு. வங்காளிகள் 'கேவா' என்று காட்டும் மரம் வேறொன்றுமில்லை, நம் தில்லைதான். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே மரம். பிச்சாவரம் போனவர்களுக்கு அடையாளம் தெரியும். உதிரும் முன் இலை சிவக்கும், ஒடித்தால் பால் வரும். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் பிள்ளைகளைத் தொடவிடக் கூடாது.

நாள் பார்ப்பது எப்படி?

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடியப் போகலாம். மார்ச் பிறந்தால் வெயில், ஏப்ரல் மே மாதங்களில் புயல் பயம், அதன் பின் மழை. கிறிஸ்துமஸ் வாரத்தில் கூட்டமும் விலையும் அதிகம். ஜனவரி முதல் வாரம் தாண்டிப் போனால் இரண்டும் குறையும்.

மாதத்தை முடிவு செய்தபின் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் திதியைப் பாருங்கள். இது சாஸ்திரத்துக்காக அல்ல, தண்ணீருக்காக. சுந்தரவனத்தில் கடிகாரத்தைவிட ஓதம் பெரியது. ஏறக்குறைய ஆறு மணி நேரம் தண்ணீர் ஏறும், ஆறு மணி நேரம் வடியும். ஏற்றத்தை 'ஜோவார்' என்றும் வற்றத்தை 'பாட்டா' என்றும் சொல்வார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் இரண்டாள் உயரம்கூட ஏறி இறங்கும். அஷ்டமி, நவமியை ஒட்டி அது மிதமாக இருக்கும்.

இதில் நமக்கு என்ன லாபம் என்றால், தண்ணீர் நன்றாக வடியும்போது அகலமான சேற்றுக் கரை வெளியே வரும். முதலை வெயில் காய்வதும், புலியின் காலடித் தடமும், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிவப்பு நண்டுகளும், சேற்றில் துள்ளும் மீன்களும் அப்போதுதான் கண்ணில் படும். ஆனால் அதே வற்றத்தில் படகுத்துறைப் படிகள் பாசி படிந்து வழுக்கும். படகும் எங்கோ கீழே நிற்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உடன் வந்தால் அஷ்டமிப் பக்கமாக நாள் குறிப்பதே புத்திசாலித்தனம். வாலிபர்கள் மட்டும் போவதானால் பௌர்ணமி பார்க்கலாம். ஓதம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஆகவே முதல் நாள் துறைக்குப் போனதும் மறுநாள் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று படகோட்டியிடம் கேட்டுவிட்டுத்தான் காலைப் பலகாரத்துக்கு நேரம் குறிக்க வேண்டும்.

போகும் வழி

சாலை வழியாகக் காரில் அல்லது வேனில் போனால் கட்காலி துறை சுமார் மூன்று மணி நேரம். ரயிலென்றால் சியால்தா தெற்கிலிருந்தோ பாலிகஞ்சிலிருந்தோ கானிங் லோக்கல். சுமார் ஒன்றேகால் மணிப் பயணம், பிறகு வாடகை வண்டியில் கட்காலி. பெட்டி படுக்கையும் பெரியவர்களும் இருந்தால் வண்டி அமர்த்துவதே மேல். லோக்கலின் கூட்டம் நமக்குத் தெரியாததா!

கானிங் ஊருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவுக்கு மாற்றாக மாத்லா ஆற்றில் பெரிய துறைமுகம் கட்ட ஆங்கிலேயர் திட்டமிட்டார்கள். ஹென்றி பிடிங்டன் என்பவர், "இங்கே புயலில் கடல் பொங்கி வரும், கட்டாதீர்கள்" என்று 1853-இலேயே எச்சரித்தார். 'சைக்ளோன்' என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்தவர் அவர். யாரும் காது கொடுக்கவில்லை. 1867-இல் புயல் வந்து துறைமுகத்தைச் சிதைத்துவிட்டது. பிள்ளைகளுக்கு வண்டியில் போகும்போதே இதைச் சொல்லிவிட்டால், பிறகு பார்க்கப் போகும் மண்கரைகளின் அருமை புரியும்.

படகை முதலில் பாருங்கள்

பயணத்தின் நல்லது கெட்டது எல்லாம் படகில்தான். பாதி நாள் அதில்தான் உட்காரப் போகிறோம். முன்பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். தலைக்கு ஒன்றாக உயிர்காப்புச் சட்டை உண்டா, குழந்தைகள் அளவில் உண்டா? கழிப்பறை எந்த மாதிரி, பெரியவர்கள் குனியாமல் போக முடியுமா? மேல்தளத்தில் வெயிலுக்குக் கூரையும் விளிம்பில் கைப்பிடிக் கம்பியும் உண்டா? நம் குடும்பம் மட்டுமா, வேறு யாரும் ஏறுவார்களா? காட்டுக்குள் நுழையும் அனுமதியும் வனத்துறை அங்கீகரித்த வழிகாட்டியும் சொன்ன தொகைக்குள் அடங்குமா?

வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் படகு போகக் கூடாது. அனுமதிக்கு எல்லோருடைய அடையாள அட்டையும் வேண்டும், அசலையும் நகலையும் எடுத்து வையுங்கள். வாரத்தில் காடு மூடியிருக்கும் நாள் ஏதும் உண்டா என்று தேதி குறிக்கும் முன் வனத்துறையிடமோ மாநிலச் சுற்றுலாக் கழகத்திடமோ கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கழகமே குளிர்காலத்தில் கப்பல் பயணங்களை நடத்துகிறது. தனிப்படகு அமர்த்தத் தயங்குபவர்களுக்கு அது ஏற்றது.

மூன்று நாள் திட்டம்

முதல் நாள் விடியற்காலையில் புறப்பட்டு, முற்பகலில் கட்காலியில் படகேறி, எதிர்க்கரையிலுள்ள கோசாபாவில் இறங்கலாம். டேனியல் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1903-இல் இங்கே நிலம் வாங்கி, கூட்டுறவு முறையில் ஏழைகளைக் குடியேற்றினார். அவருடைய மர பங்களாவும், 1932-இல் தாகூர் வந்து தங்கிய பங்களாவும் இன்றும் நிற்கின்றன. மாலைக்குள் பக்கிராலய் போய்த் தங்கிவிடலாம்.

இரண்டாம் நாள் முழுவதும் காடு. எதிரிலுள்ள சஜ்னேகாலியில் அனுமதி வாங்க வேண்டும். அங்கே ஒரு காட்சிக்கூடமும், அழிவின் விளிம்பிலுள்ள ஆற்றாமைகளை வளர்க்கும் குளமும் உண்டு. அடுத்தது சுதன்யகாலி காவல் கோபுரம். அதன் எதிரே நன்னீர்க் குளம், மான்கள் வரும். பிறகு தோபாங்கி, அங்கே கம்பிவலைக்குள் உயரமாகக் கட்டிய நடைபாதையில் மரங்களின் தலைக்கு நேராக நடக்கலாம். பொழுது சாயும் முன் படகு காட்டைவிட்டு வெளியே வந்தாக வேண்டும். மூன்றாம் நாள் காலை ஊருக்குள் ஒரு நடை, பிறகு திரும்புதல். படகே ஒத்துக்கொள்ளாத பெரியவர்களுக்கு ஜட்காலி நல்லது. வண்டி நேரே போகும், புலிகள் மீட்பு மையமும் அங்கே இருக்கிறது.

சாப்பாட்டுக் கவலை

வங்காளி விருந்தோம்பலில் இறாலும் நண்டும் முதல் பந்தி. சைவக்காரர்கள் முன்கூட்டியே 'நிராமிஷ்' என்று சொல்லி, வெங்காயம் பூண்டு ஆகுமா ஆகாதா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். தயிர் என்று கேட்டால் இனிப்புத் தயிர் வரும், தயிர்சாதம் பிசைய 'டோக் தோய்' என்று கேளுங்கள். முதல் நாளுக்குப் புளியோதரையும், இட்லி மிளகாய்ப்பொடி தடவியதும் கட்டிக்கொண்டால் போதும். குடிதண்ணீரைக் கேனாக ஏற்றச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பை, உறை எதையும் ஆற்றில் போடக் கூடாது.

வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளை இரண்டு நாள் கூடுதலாக எடுத்து வையுங்கள். கோசாபாவில் மருத்துவமனை உண்டு, பெரிய சிகிச்சைக்குக் கானிங் வர வேண்டும். காட்டுக்குள் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைப்பது அரிது. காலையில் படகின் மேல்தளத்தில் குளிர் எலும்பைத் தொடும், மப்ளரும் கம்பளியும் கட்டாயம்.

புலி தெரியுமா?

பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இந்தியச் சுந்தரவனத்தில் 2022 கணக்கெடுப்பின்படி சுமார் நூறு புலிகள். ஆனால் புதர் அடர்ந்த காடு, நாமோ ஆற்றின் நடுவில். பத்து முறை போய்ப் பார்க்காதவர்களும் உண்டு. ஆகவே "புலி காட்டுகிறேன்" என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்து அழைத்துப் போகாதீர்கள். "புலி நம்மைப் பார்க்கும்" என்று சொல்லுங்கள், அது பொய்யாகாது. ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, மீன்கொத்தி எத்தனை வகை, முதலை எத்தனை, ஓங்கில் எங்கே தலை காட்டியது என்று எழுதச் சொன்னால், அலுப்பு வராது. புலிக்காகப் படகோட்டியைக் கரைக்கு நெருக்கச் சொல்லி வற்புறுத்துவது மட்டும் வேண்டாம்.

அங்கே வாழ்பவர்கள்

நமக்கு வேடிக்கையாக இருக்கும் புலி அந்த ஊர்க்காரர்களுக்கு வேறு. மீனுக்கும் நண்டுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் போனவர்கள் திரும்பாமல் போவது உண்டு. புலியால் கணவனை இழந்த பெண்களை 'பாக் பிதவா' என்கிறார்கள். புலி பின்னாலிருந்து பாயும் என்பதால், 1980-களில் தலைக்குப் பின்புறம் மனித முகமூடி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். இப்போது புலி ஊருக்குள் வராமலிருக்கக் காட்டோரம் நைலான் வலை கட்டியிருப்பதைப் படகிலிருந்தே பார்க்கலாம்.

காட்டுக்குள் காலெடுத்து வைக்குமுன் அவர்கள் கும்பிடுவது போன்பீபியை. துக்கே என்ற ஏழைப் பையனைப் புலி வடிவான தக்கின் ராயிடமிருந்து காப்பாற்றியவள் அவள். இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து வணங்கும் வனதேவதை. தேவைக்கு மேல் காட்டிலிருந்து எடுக்காதே என்பது அவள் போட்ட சட்டம். நம் பொங்கல் நாளில் அங்கே பௌஷ சங்கராந்தி. புது வெல்லத்தில் பிட்டே பலகாரம் செய்வார்கள். போன்பீபி விழாக்களும் அதை ஒட்டியே வரும். அந்தச் சமயம் கங்காசாகர் மேளாவுக்கான கூட்டம் காக்த்வீப் வழியில் இருக்கும், கானிங் வழி வேறு.

ஊருக்குள் நடக்கும்போது வீடுகளைச் சுற்றி உயர்ந்திருக்கும் மண்கரையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஏற்றத்தின்போது ஆற்றுநீர் வயலைவிட உயரத்தில் நிற்கும், கரைதான் நடுவில் காவல். 2009 மே மாதம் அய்லா புயலில் அது பல இடங்களில் உடைந்து உப்புநீர் புகுந்தது. வயல்களில் அதன்பின் நெல் சரியாக விளையவில்லை, ஆண்கள் பலர் வேலை தேடித் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ரயிலேறினார்கள். நாம் பிழைப்புக்கு இங்கே வந்தோம், அவர்கள் அங்கே போனார்கள். கோசாபாப் பக்கம் தேநீர்க்கடையில் நின்றால், திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவர் உங்களிடம் இரண்டு வார்த்தை தமிழ் பேசினாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

அதனால்தான் ஒரு வேண்டுகோள். தங்குமிடம், படகு, வழிகாட்டி மூன்றையும் முடிந்தவரை அந்தத் தீவுக்காரர்களிடமே பேசி முடியுங்கள். தேன் வாங்குவதானால் உள்ளூர்க் கூட்டுறவில் வாங்குங்கள். பேரம் பேசும் பழக்கத்தைக் கரியாஹாட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நாம் கொடுக்கும் நூறு ரூபாயில் ஒருவர் காட்டுக்குள் போகாமல் வீட்டிலிருக்க முடிந்தால் அதுவே பெரிது.

டிசம்பருக்குப் படகு வேண்டுமென்றால் புரட்டாசி நவராத்திரி முடிந்த கையோடு பேசிவிட வேண்டும். பூஜை விடுமுறை கழிந்ததும் எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் செலவும் குறையும், பேச்சுத் துணைக்கும் ஆச்சு. போய்வந்து, பிள்ளைகள் நோட்டில் எழுதியதில் ஒரு பக்கத்தை நம் பத்திரிகைக்கு அனுப்பி வையுங்கள்.