டயாப்ரம்: ஒரு சொல், பல பொருள்



மருத்துவமனையில் நாம் கேட்கும் "டயாப்ரம்" என்ற சொல் எப்போதும் ஒரே பொருளில் வருவதில்லை. கிரேக்கத்தில் அது குறுக்கே அடைக்கும் தடுப்பு. திராட்சத்தோட்ட உவமையில் மத்தேயு எழுதும் வேலிக்கும் வேர் இதுவே. ஸ்டெதஸ்கோப்பில் நெஞ்சின்மேல் வைக்கும் தட்டையான சவ்வும் டயாப்ரம்; பெண்களுக்கான ஒருவகைக் கருத்தடைச் சாதனமும் டயாப்ரம்.

உடலில் இருப்பது உதரவிதானம். உதரம் வயிறு, விதானம் மேற்கட்டி; எவ்வளவு பொருத்தமான சொல்! இந்தத் தசை சுருங்கிக் கீழிறங்கும்போது நுரையீரல் விரிந்து காற்று உள்ளே வருகிறது. சுமார் 3,000 குழந்தைகளில் ஒன்று இதில் துவாரத்துடன் பிறக்கிறது. குடல் மார்புக்குள் ஏறிவிடுவதால் நுரையீரல் சரியாக வளராது. பிறந்தவுடன் மூச்சுத் திணறும். முதலில் சுவாசத்தை நிலைப்படுத்துவார்கள், துவாரத்தைத் தைப்பது பிறகுதான். ஏன் உடனே அறுவைசிகிச்சை இல்லை என்று பெற்றோர் கலங்குவார்கள். அவர்களிடம் "டயாப்ரத்தில் ஓட்டை" என்று மட்டும் சொல்லாமல், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கையை வைத்துக் காட்டி விளக்குகிறோம்.