பழைய உடுப்பும் நேர்மையான விலையும்

புறக்கோட்டை நடைபாதையில் பழைய உடுப்பு வாங்கிக் கிராமத்தில் விற்கும் தாய்மாரே, விலை குறிக்குமுன் தரம் பிரியுங்கள்.

பகல் வெளிச்சத்தில் விரித்து, கழுத்துப்பட்டி, கமுக்கட்டு, தொடைத்தையல் ஆகியவற்றைப் பாருங்கள். துணி முதலில் நைவது அங்கேதான். விட்ட தையலையும் விழுந்த பொத்தானையும் திருத்தலாம்; நைந்த துணி தையலைத் தாங்காது. குறையற்றவை, திருத்தக்கூடியவை, துடைதுணி என மூன்றாக வையுங்கள்.

குஜராத்தின் கண்ட்லா ஏற்றுமதி வலயத்திலும் வெளிநாட்டுப் பழைய உடுப்புகளைப் பெரும்பாலும் பெண்களே கையால் பிரிக்கின்றனர். கழிவும் வீண்போவதில்லை, கிழிந்த கம்பளி உடுப்புகள் பானிப்பத் ஆலைகளில் போர்வையாகின்றன.

2022 நெருக்கடியின் பின் புதுத்துணி எட்டாத வீடுகள் பல. பிள்ளையின் காற்சட்டைக்கு நாட்கூலியைக் கொடுப்பவரிடம் குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்போம். மறைத்து விற்றால் அவரது ஒருநாள் உழைப்பு வீணாகும்.