பழைய ஜெட் படகு: எஞ்சினைச் சோதிக்கும் முறை

நீரை உறிஞ்சிப் பின்புறமாகப் பீய்ச்சும் பம்பினால் ஓடுவது ஜெட் படகு. நியூசிலாந்தின் ஆழமற்ற ஆறுகளில் செல்வதற்காக 1950களில் வில்லியம் ஹாமில்டன் இதனை உருவாக்கினார். இப்படகில் தனிச் சுக்கான் இல்லை. பீய்ச்சும் நீரின் திசையை மாற்றியே படகைத் திருப்புகின்றனர். எஞ்சின் நின்றால் திருப்பும் ஆற்றலும் போய்விடும். எனவே, பழைய படகை வாங்குமுன் எஞ்சினைச் சோதிப்பது உயிர்ப் பாதுகாப்புக்கும் உரியது.

சோதனையை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தொடங்க வேண்டும். முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், கிளம்புவதில் உள்ள கோளாறு தெரியாது.

எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் இருந்தால், அதில் நீர் கலந்திருக்கிறது. பல ஜெட் படகுகளில் ஆற்று நீரோ கடல் நீரோதான் எஞ்சினைக் குளிர்விக்கிறது. அதனுடன் வரும் மணல் குளிர்விப்பு வழிகளை அடைக்கும், உப்பு உலோகத்தை அரிக்கும்.

அடுத்து, ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளக்க வேண்டும். அவற்றுக்கிடையே வேறுபாடு 15 விழுக்காட்டைத் தாண்டினால் வால்வு, பிஸ்டன் வளையம், கேஸ்கட் ஆகியவற்றில் ஒன்று பழுதாகியிருக்கலாம்.

இறுதியாக, நீரில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகமாகச் சுழன்றும் படகு விரையாவிட்டால், பெரும்பாலும் குறை பம்பில் இருக்கும். சுழற்சியே உயராவிட்டால், எஞ்சினை ஐயுற வேண்டும். நீரில் ஓட்டிக் காட்ட மறுக்கப்படும் படகை வாங்காமல் இருப்பதே நல்லது.