பச்சை உடம்பும் மனச்சோர்வும்

மனச்சோர்வு நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு வருகிறது. குழந்தைப் பருவத்தில் தென்படாத இந்த வேறுபாடு பூப்பெய்தும் வயதை ஒட்டித் தொடங்குவதால், பழியை முழுவதும் ஹார்மோன்கள் மேல் போட்டுவிடுவது எளிது.

உடல் நெருக்கடியைச் சந்திக்கும்போது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதாலமஸ் ஒரு ஹார்மோனைச் சுரந்து பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரியின் ஆணையை ஏற்றுச் சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்டிசாலை வெளியிடுகின்றன. பலர் முன் பேசவும் மனக்கணக்குப் போடவும் வைத்து நடத்தப்படும் ஆய்வுகளில், எச்சிலில் கார்டிசால் அதிகமாக உயர்வது பெரும்பாலும் ஆண்களுக்கே. மாதவிலக்குச் சுழற்சியின் பிற்பாதியிலுள்ள பெண்கள் மட்டுமே அவர்களுக்கு இணையாக நிற்கிறார்கள். ஆகவே கார்டிசாலின் அளவை மட்டும் பார்த்துப் பெண்ணுக்கு அழுத்தம் கூடுதல் என்று சொல்லிவிட முடியாது.

பிரசவத்தில் இந்த ஏற்பாடு முழுவதுமே குலுங்குகிறது. கர்ப்பகாலத்தில் ஹைப்போதாலமஸின் அதே ஹார்மோனை நஞ்சுக்கொடியும் ஏராளமாகச் சுரக்கிறது. குழந்தை பிறந்து நஞ்சு விழுந்ததும் அந்த வரத்து நின்றுபோக, உச்சத்திலிருந்த ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சில நாட்களிலேயே சரிகின்றன. புரோஜெஸ்டிரோனிலிருந்து உருவாகி மூளையை அமைதிப்படுத்தும் அலோபிரெக்னனோலோன் என்ற பொருளும் உடன் குறைகிறது. அதையே மருந்தாகச் செலுத்தும் சிகிச்சைக்கு 2019-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

இந்தச் சரிவு பிள்ளை பெறும் எல்லாப் பெண்களுக்கும் உண்டு, நோயோ சிலருக்குத்தான். 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முன்பு பேறுகால மனச்சோர்வு கண்ட 8 பெண்களுக்கும் காணாத 8 பெண்களுக்கும் ஹார்மோன்களைக் கொடுத்து, பின் திடீரென நிறுத்தியபோது, முதல் குழுவில் 5 பேரின் மனநிலை குலைய, இரண்டாம் குழுவில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஹார்மோன் இறக்கம் இரு குழுவினருக்கும் ஒன்றுதான், அதைத் தாங்கும் மூளைதான் வேறு.

வேலூரிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் இருக்கும் கணியம்பாடி வட்டாரத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வு, இதன் மறுபக்கத்தைக் காட்டியது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருந்த 359 பெண்களைப் பரிசோதித்து, பிரசவமாகி 6 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் பார்த்தபோது, 11 விழுக்காட்டினருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. அதனோடு தொடர்புடையவையாகத் தெரிந்தவை குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயரங்கள், மாமியாரோடு மட்டுமன்றிப் பெற்றோரோடும் இருந்த பிணக்கு, கைவேலைக்கு ஆளில்லாமை ஆகியவை. பிரசவத்துக்குத் தாய்வீடு போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் ஊர்களில், பெற்றோரும் அப்பட்டியலில் இடம்பெற்றது கவனிக்கத்தக்கது.

கைவேலைக்கு ஆளில்லாமை என்பது தோல் தொழில் நடக்கும் இப்பகுதியில் தனிப் பொருள் கொள்கிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகளின் தையல் வேலையில் பெருமளவு இருப்பவர்கள் பெண்கள். 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, தகுதியுள்ள தொழிலாளிக்கு முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. இடைத்தரகரிடம் ஷூவின் மேல்பகுதியான ‘அப்பர்’ வாங்கி வந்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைக்கும் பெண்ணுக்கோ, தைக்காத நாளுக்குக் கூலியில்லை.