பருவக்காற்றும் கடலின் நுண்விலங்குகளும்

ஆனி மாதத்திலே கண்டி மலைகளில் மழையைச் சொரியும் தென்மேல் பருவக்காற்று, அதே காலத்திற் கரையோரக் கடலின் கீழ்நீரையும் மேலே கொணர்கின்றது. அந்நீரின் வரவால் ஆங்கு வாழும் நுண்விலங்குகளின் தொகையும் இனமும் மாறுகின்றன. மீன்வளம் பெருகுதலும் அருகுதலும் பெரிதும் அம்மாற்றத்தைப் பொறுத்தன. கடலினின்று தொலைவிலுள்ள பல்லேகல போன்ற ஊர்களின் அடுக்களைகளுக்கும் நெத்தலியும் சாளையும் கருவாடாக வந்து சேர்தலின், இதனை அறிதல் மலைநாட்டார்க்கும் உரியதே.

நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் ஆற்றலின்றி மிதந்தலையும் உயிர்கள் பிளாந்தன் எனப்படும். அவற்றுள் ஒளியைக் கொண்டு உணவாக்கும் தயற்றம் முதலியன தாவரப் பிளாந்தன். அவற்றை உண்பனவும், உண்பனவற்றை உண்பனவும் விலங்குப் பிளாந்தன். பின்னையவற்றுட் பெரும்பாலன கோபிப்பொட்டு என்னும் சிறிய ஓட்டுடலிகளாம். மீன், இறால், நண்டு ஆகியவற்றின் குடம்பிகளும் தம் இளமைக் காலத்தை இக்கூட்டத்திலேயே கழிக்கின்றன.

இனி, கீழ்நீர் மேலெழுமாறு யாது? காற்று வீசும் திசையிலேயே நீரும் செல்லும் என எண்ணுதல் இயல்பு. ஆனால், 1893 முதல் 1896 வரை பிராம் என்னும் கப்பலில் வடதுருவக் கடலிற் பயணஞ்செய்த நான்சன், பனிக்கட்டிகள் காற்றின் திசைக்கு வலப்புறமாக விலகிச் செல்லுதலைக் கண்டார். புவியின் சுழற்சியே இதற்குக் காரணமென்பதை எக்மன் 1905இல் விளக்கினார். வட அரைக்கோளத்திலே காற்றால் உந்தப்படும் மேல்நீர் மொத்தத்தில் வலப்புறமாகவே செல்லும். ஆகவே, மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்று இலங்கையின் தென்கரை நீரைத் தெற்கே, ஆழ்கடல் நோக்கித் தள்ளுகின்றது. கேரளக் கரையிலே அக்காற்று சற்றுத் தெற்குநோக்கித் திரும்பி வீசுதலின் நீர் மேற்கே அகல்கின்றது. அகன்ற நீரின் இடத்தை நிரப்பக் கீழிருந்து வரும் நீர் குளிர்ந்தது, நைத்திரேற்று, பொசுபேற்று முதலிய உப்புக்கள் மிக்கது, ஒட்சிசன் குறைந்தது. அது வளத்தையும் இடரையும் ஒருங்கே கொணர்கின்றது.

கேரளக் கரையின் ஆண்டு வட்டத்தை நோக்குவாம். பருவக்காற்றுக்கு முன், கடல் வெம்மையும் தெளிவும் உடையதாயிருக்கும்போது, நுண்விலங்குகளின் இனங்கள் பல, தொகையோ சிறிது. மேலெழுகை தொடங்கியதும் தயற்றங்கள் விரைந்து பல்குகின்றன. அவை ஒருநாளளவில் இரட்டிக்க வல்லன. கோபிப்பொட்டு முட்டையினின்று முதிர்தற்கோ வாரங்கள் வேண்டும். ஆதலால் உண்பது உணவுக்குச் சிறிது பிந்தியே பெருகும். இவ்விடைவெளியிலே முந்திக்கொள்வன பெனிலியா, எவாட்னே என்னும் கிளடோசெராக்கள். இவற்றின் பெண்கள் ஆணின்றியே குஞ்சு ஈனவல்லன. எனவே திடீரெனப் பெருந்திரளாய்த் தோன்றுகின்றன. பருவக்காற்று முதிர்ந்தபின் தொகை மிகுந்து நிற்கும். ஆயினும், ஒருசில இனங்களே அதிற் பெரும்பங்கு கொள்ளும். காற்று ஓய்ந்தபின் தொகை குறைந்து இனங்கள் மீண்டும் பலவாகின்றன.

இக்காலமுறைக்கு வியத்தகு முறையில் இயைந்த விலங்கொன்று சோமாலியக் கரையில் உண்டு. கலனோயிடிசு என்னும் அக்கோபிப்பொட்டு, மேலெழுகைக் காலத்தில் மேற்பரப்பில் உண்டு கொழுத்து உடலில் எண்ணெயைச் சேமிக்கின்றது. பின்னர் முதிராப் பருவத்திலேயே பலநூறு மீற்றர் ஆழத்திற்கு இறங்கி, உணவின்றி உறங்கிக் கிடந்து, அடுத்த பருவக்காற்றோடு மேலெழுந்து இனம்பெருக்குகின்றது.

இத்துறையில் ஆய்வு நெடிது நிகழ்ந்துள்ளது. இலங்கையின் முத்துச்சிப்பிப் படுக்கைகளை ஆராய்ந்த ஹோர்னெல், பின்னர் சென்னை மாகாண மீன்வளத்துறையிற் பணியாற்றி, மலபார்க் கரையின் சாளை மீனையும் பிளாந்தனையும் இயைத்து 1920களில் எழுதினார். கள்ளிக்கோட்டைக் கடலின் பிளாந்தனைப் பற்றிய கே. சி. ஜோர்ஜின் ஆய்வு 1953இல் வெளிவந்தது. 1959 முதல் 1965 வரை நிகழ்ந்த பன்னாட்டு இந்துமாகடல் ஆய்வில், பல நாட்டுக் கப்பல்கள் ஒரேவகை வலையால் அள்ளிய நுண்விலங்குகள் கொச்சியில் வகைபிரிக்கப்பட்டன. ஒரே வலை என்பது சிறு செய்தியன்று. அளவுகோல் வேறாயின் ஒப்பீடு பொருளற்றதாகும்.

மீன் குஞ்சு தன் கருவுணவு தீர்ந்த சின்னாட்களுள் தன் வாய்க்கேற்ற இரையைப் பெறாவிடின் மடியும் என்னும் கருத்தை நோர்வே நாட்டு யோர்ட் 1914இல் வெளியிட்டார். ஆகவே கடலில் உணவு எவ்வளவு என்பது மட்டுமன்று, எவ்வினம் எக்காலத்தில் என்பதும் வினாவாகும். கேரளத்தில் 2012இல் 4 இலட்சம் தொன் அளவினதாயிருந்த சாளைப் பிடிப்பு, 2021இல் 3,500 தொன்னுக்கும் கீழாக வீழ்ந்தது. மிகைப்பிடிப்பும் கடற்சூழலின் மாற்றமும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இவற்றுள் எதன் பங்கு எவ்வளவு என்று துணிதற்கு, வலையில் வீழ்ந்த மீனின் நிறை மட்டும் போதாது. மீன் உண்ணும் நுண்ணுயிர்களின் கணக்கும் ஆண்டுதோறும் வேண்டும். அக்கணக்கின்றிச் சட்டம் செய்வோர் மீனவனின் பிழைப்பைக் குருட்டுத்தனமாய்க் கட்டுப்படுத்துவோராவர்.

இதற்கான பயிற்சியை நம் மாணவர் கடலுக்குச் செல்லாமலே தொடங்கலாம். 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கம் அண்மையில் உள்ளது. கோபிப்பொட்டும் கிளடோசெராவும் நன்னீரிலும் வாழ்வன. நுண்ணிய வலையொன்றும் நுணுக்குக்காட்டியொன்றும் கொண்டு, திங்கள்தோறும் ஒரே இடத்தில், ஒரே முறையில் அள்ளி எண்ணி எழுதிவரின், ஓராண்டின் ஏடே பருவங்களின் போக்கை அவர்க்குக் காட்டும்.