மேட்டுக்கு ஒரு கயிறு

சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்குப் போகும் பழைய புக்கிட் புத்துஸ் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை போய் நின்றால் சைக்கிள்காரர்கள் கூட்டங்கூட்டமாக வருவார்கள். சிலர் மிதிமேல் எழுந்து நின்று வளைவுக்கு வளைவு அழுத்தி ஏறுவார்கள். சிலர் பாதியில் இறங்கித் தள்ளுவார்கள். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் நிலம் அப்படி. தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவங்சா மலைத்தொடர் தன் தென்கோடியில் இங்கேதான் குன்று குன்றாகத் தணிந்து இறங்குகிறது. அந்தக் குன்றுகளில்தான் முதலில் காப்பியும், பிறகு கித்தாவும், இன்று செம்பனையும் வளர்ந்திருக்கின்றன.

தோட்டங்களில் ஒரு காலத்தில் சைக்கிள் விளையாட்டுச் சாமானாக இருக்கவில்லை. காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு இருட்டோடு மர நிரைக்குப் போன பால்மரத் தொழிலாளி, வெயில் ஏறியதும் மங்கு மங்காகப் பால் எடுத்துத் தோம்பில் ஊற்றி, தோம்புகளைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பால் கொட்டகைக்கு வந்து சேர வேண்டும். மேட்டில் இறங்கித் தள்ள வேண்டும். இறக்கத்தில் முழு பலத்தையும் பிரேக்கில் வைக்க வேண்டும். வழியில் பால் சிந்தினால் நிறுவையில் குறையும், கூலியிலும் குறையும்.

மேடும் லோரியும் சைக்கிளும் ஒன்றுசேர்ந்த இடத்திலெல்லாம் இளவட்டங்களுக்கு ஒரே யோசனைதான் வரும். முக்கிக்கொண்டு ஏறும் லோரியின் பின்பலகையை ஒரு கையால் பற்றிக்கொண்டால் மிதிக்காமலே உச்சிக்குப் போய்விடலாம். உயிரோடு விளையாடுகிற வேலை இது. பின்னால் ஆள் தொங்குவது டிரைவருக்குத் தெரியாது. இழுவை ஒரு பக்கத்துத் தோளில் விழுவதால் ஹேண்டில் கோணிக்கொள்ளும். முன்னாலிருக்கும் குழியை லோரியே மறைத்துவிடும். டிரைவர் கியர் மாற்றினால் சைக்கிள் வெட்டி இழுபடும். பிரேக் போட்டால் நெற்றி பலகையில்தான் மோதும். கையை விட்டால், பின்னால் வருகிற வாகனத்துக்கு முன்னால் விழ வேண்டியதுதான்.

இந்தத் தவறுகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போனால் கடைசியில் ஒரு லிஃப்ட் கிடைத்துவிடும். இழுப்பவருக்கு இழுபடுகிறவர் கண்ணில் பட வேண்டும். இழுவை நடுவில் விழ வேண்டும். வேகம் மாறக் கூடாது. விட நினைத்த கணத்தில் விடுபட வேண்டும். பனிமலை நாடுகளில் சறுக்குக்காரர்களை மேலே இழுக்கும் கயிறுகள் நூறாண்டுக்கு மேலாக இந்தப் பாடங்களைப் படித்துவருகின்றன. கோடையில் பனி உருகியதும், அதே லிஃப்டுகளில் பல இடங்களில் இப்போது சைக்கிள்கள் ஏறுகின்றன.

கயிற்றில் சரக்கு போவது தோட்டத் தமிழர்கள் நன்கு அறிந்த காட்சி. மூணாற்றின் தேயிலைப் பெட்டிகள் 1902-லிருந்து ஒற்றைத் தண்டவாளத்திலும், 1908-லிருந்து சிறு ரயிலிலும் டாப் ஸ்டேஷன் வரை வந்தன. அங்கிருந்து செங்குத்தான மலைச்சரிவில் கம்பிக் கயிற்றில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிநாயக்கனூர் போய்ச் சேர்ந்தன. அந்த ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இலங்கை மலைத் தோட்டங்களில் கொழுந்து மூட்டைகள் கம்பியில் வழுக்கியே ஆலைக்கு இறங்கின. அந்த இலங்கையில் காப்பி பயிரிட்டுப் பழகிய ஹெஸ்லொப் ஹில் போன்ற துரைமார்தான் 1880களில் சுங்கை ஊஜோங்கில், அதாவது இன்றைய சிரம்பான் வட்டாரத்தில், தோட்டம் திறந்தார்கள்.

மூட்டை விழுந்தால் நட்டத்தோடு போகும். ஆளை ஏற்றும் கயிற்றுக்கு வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியின் கருங்காட்டு மலைப்பகுதியில், ஷொல்லாக் என்ற ஊரில் விடுதி நடத்திய ராபர்ட் விண்டர்ஹால்டர் 1908-ல் ஒரு கயிற்றை ஓடவிட்டார். தண்ணீரில் சுழலும் ஆலைச் சக்கரம் அதை இழுத்தது. நீளம் 280 மீட்டர். விடுதி விருந்தினர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மேடேறினார்கள். உலகின் முதல் பனிச்சறுக்கு லிஃப்ட் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

நாற்காலி லிஃப்ட் பிறந்த கதை தோட்ட மக்களுக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜேம்ஸ் கரன், அதற்கு முன்னால் வெப்ப நாடுகளில் வாழைத்தாரைக் கப்பலில் ஏற்றும் கயிற்று ஏற்பாட்டில் வேலை பார்த்தவர். கொக்கியில் வாழைத்தார் தொங்கலாம் என்றால், அதே இடத்தில் ஒரு நாற்காலியும் தொங்கலாமே என்று நினைத்தார். எந்த வேகத்தில் வந்தால் நின்றிருக்கும் ஆளைத் தட்டிவிடாமல் ஏந்திக்கொள்ளும்? லோரியின் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் கட்டி, சக்கரக் காலணி போட்ட ஆட்களை நிறுத்தி, ஓட்டி ஓட்டிப் பார்த்துத்தான் வேகத்தை முடிவு செய்தார்கள். 1936-ல் ஐடஹோ மாநிலத்தின் சன் வேலியில் அந்த லிஃப்ட் ஓடத் தொடங்கியது.

சைக்கிளுக்கென்றே ஊருக்குள் ஒரு லிஃப்ட் வந்தது நார்வேயில். துரோண்ட்ஹைம் நகரத்தில் புரூபாக்கன் என்று ஒரு மேடு இருக்கிறது. அதன் கீழிருந்து வேலைக்குப் போகிறவர்கள் வியர்த்து விறுவிறுத்துத்தான் மேலே போய்ச் சேர முடியும். அங்கே சைக்கிள் ஓட்டிய யார்லே வான்விக், பனிச்சறுக்கு லிஃப்டின் அடிப்படையை எடுத்துத் தெருவோரத்தில் புதைத்தார். 1993-ல் திறக்கப்பட்ட இதன் நீளம் 130 மீட்டர். கயிறு தலைக்கு மேலே ஓடவில்லை. நடைபாதை ஓரத்து இரும்புத் தடத்துக்குள் தரைக்கடியில் ஓடுகிறது. சைக்கிள்காரர் இருக்கையில் உட்கார்ந்தபடியே இடது காலை மிதியில் வைக்கிறார், வலது காலைத் தடத்தின் மேல் வைத்துப் பொத்தானை அழுத்துகிறார். பின்னாலிருந்து ஒரு சிறு கால்தட்டு எழுந்து வந்து பாதத்தைத் தள்ளத் தொடங்குகிறது. காலை நீட்டி விறைப்பாக வைத்து, உடம்பை முன்னால் சாய்த்துக்கொண்டால் சைக்கிள் தானாக மேலே போகும். வேகம் நொடிக்கு 2 மீட்டருக்கு மிகாது.

முழங்காலை மடக்கினால் தட்டு முன்னால் ஓடிவிடும், ஆள் தடுமாறுவார். முதல் முறை வரும் வெளியூர்க்காரர்கள் பலர் இதில்தான் தோற்றுப்போகிறார்கள். ஆனால் யாருக்கும் பெரிய காயமில்லை. காரணம் எளிது. காலை எடுத்தவுடன் ஆளுக்கும் கயிற்றுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது, தட்டு தடத்துக்குள் மடங்கிக்கொள்கிறது. கொக்கி கிடையாது, வார் கிடையாது, மாட்டிக்கொள்ள எதுவுமே கிடையாது. 2013-ல் அதைப் புதுப்பித்தபோதும் இந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. 2,00,000-க்கு மேற்பட்டோர் ஏறிய பிறகும் அங்கே கடுமையான விபத்து நடந்ததில்லை என்பதுதான் இதற்குச் சான்று.

கோடையில் சைக்கிள்கள் ஏறும் மலைப் பூங்காக்களின் இழுவை லிஃப்ட் இதைவிடக் கடினமானது. அங்கே தலைக்கு மேல் ஓடும் கம்பிக் கயிற்றிலிருந்து ஒரு தண்டோ சுருள்கயிறோ தொங்கும். அதன் நுனியில் ஒரு தட்டு அல்லது குறுக்குச் சட்டம் இருக்கும். சறுக்குக்காரர் அதைத் தொடைகளுக்கு நடுவிலோ பின்புறத்திலோ வைத்துக்கொண்டு வழுக்கிப் போவார். சைக்கிளில் அது அப்படியே ஒத்துவராது. சக்கரம் திரும்பும், பெடல் இடிக்கும், கைகள் ஹேண்டிலை விட முடியாது.

எவ்வளவு இழுவிசை வேண்டும் என்று பார்க்கலாம். ஆள் 70 கிலோ, சைக்கிள் 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேட்டில் அந்த 85 கிலோவை இழுக்கச் சுமார் 17 கிலோ எடையைத் தூக்கும் விசை போதும். தரை கரடாக இருந்தால் கொஞ்சம் கூடும். ஆகவே மோட்டாரின் பலம் ஒரு பிரச்சினையே அல்ல. இழுவை சைக்கிளின் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கயிறு மேலிருந்து வருவதால் இழுவையில் ஒரு பங்கு தூக்கவும் செய்யும். ஹேண்டிலின் ஒரு முனையில் மாட்டினால் முன்சக்கரம் அந்தப் பக்கம் திரும்பும். கயிறு மிகவும் செங்குத்தாக இழுத்தால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். ஆகவே சட்டத்தின் நடுக்கோட்டில், கையால் ஒரு தட்டுத் தட்டினால் கழன்றுவிடும் பிடியில் மாட்ட வேண்டும். கயிற்றைக் கையிலோ ஹேண்டிலிலோ சுற்றுவது கூடவே கூடாது. முதுகுப்பையின் தொங்கும் வார், அவிழ்ந்த காலணி நாடா, கழுத்துத் துண்டு எல்லாவற்றையும் கீழேயே ஒழுங்கு செய்துவிட வேண்டும்.

கிளம்பும் கணமும் இறங்கும் கணமும்தான் ஆபத்தானவை. கிளம்பும்போது வெட்டி இழுக்காமலிருக்கத் தண்டுக்குள் சுருள்வில்லோ, கயிறு விட்டுக்கொடுத்து நீளும் உருளையோ வைக்கிறார்கள். உச்சியில் இறங்குகிறவருக்குச் சமதரை வேண்டும், ஓரமாக ஒதுங்க இடம் வேண்டும். விட மறந்து அதைத் தாண்டிப் போகிறவரின் உடம்பு ஒரு மெல்லிய கம்பியில் பட்டதும் லிஃப்ட் முழுவதும் நின்றுவிட வேண்டும். பனிச்சறுக்கு இழுவை லிஃப்டுகளின் உச்சியில் அந்தக் கம்பி கட்டாயமாக இருக்கும். நடுவழியில் ஒருவர் விழுந்தால், பின்னால் வருகிறவர் அவர் மேல் ஏறிவிடாத அளவு இடைவெளி விட்டே ஆளனுப்ப வேண்டும். விழுந்தவரும் முதலில் தன்னைத் தடத்திலிருந்து இழுத்துக்கொண்டு, பிறகுதான் சைக்கிளைத் தூக்க வேண்டும்.

இந்தத் தொல்லைகள் வேண்டாமென்றுதான் கனடாவின் விஸ்லர் போன்ற பெரிய பூங்காக்களில் சைக்கிளைத் தனிக் கொக்கியில் தொங்கவிட்டு, ஆளை நாற்காலியில் உட்கார வைத்து ஏற்றுகிறார்கள். பாதுகாப்பு கூடுகிறது, செலவும் பல மடங்கு கூடுகிறது.

கயிற்றை நம்பலாமா என்று கேட்கிறவர்களுக்குப் பழனியைக் காட்டலாம். மலேசியத் தமிழர்களில் பழனிக்குப் போகிறவர்கள் அங்குள்ள ரோப்கார் பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாளும், ஆண்டுக்கொரு முறை பல வாரங்களும் நிறுத்தப்படுவதைப் பார்த்திருப்பார்கள். அந்த நாளில் போய் மாட்டிக்கொண்டவர்கள் சலித்துக்கொள்வதும் உண்டு. 2004-ல் தொடங்கிய அந்த ரோப்கார் 2007-ல் விபத்துக்குள்ளாகி, நால்வர் உயிரிழந்தார்கள். ஆண்டுப் பராமரிப்பு முடிந்ததும் பெட்டிகளில் எடை ஏற்றிச் சோதனை ஓட்டம் விட்ட பிறகே பக்தர்களை ஏற்றுகிறார்கள். கயிறு தேயும், உருளை தேயும், பிடி தளரும். நிறுத்திப் பார்க்கிற நாளைக் குறைத்துக்கொண்டவர்கள் யாரும் பாதுகாப்பைப் பற்றிப் பேசக் கூடாது.

நெகிரி செம்பிலானில் இப்படியொரு லிஃப்ட் இன்று இல்லை. ஆனால் அதற்கான கூட்டம் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்து மண் பாதைகளில் மலைச் சைக்கிள் ஜம்போரிகள் நடக்கின்றன. நகரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் இத்தனை குன்றுகள் கிடைப்பது சிறிய விஷயமல்ல. சிறுவர்களும், வயதானவர்களும், முழங்கால் வலிக்காரர்களும் இறக்கத்தின் இன்பத்தை அனுபவிக்க ஒரு 100 மீட்டர் இழுவை போதும்.

குளிர்நாட்டுப் படத்தை அப்படியே பெயர்த்து வைக்க இங்கே முடியாது. மழை நின்றதும் செம்மண் சரிவு வழுக்கத் தொடங்கிவிடும். இழுவைத் தடத்தில் சரளை போட்டு இறுக்கி, இரு பக்கமும் வாய்க்கால் வெட்டாவிட்டால் ஒரே பருவத்தில் சக்கரத் தடம் குழியாகிவிடும். உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. உயரத் தூண்களும் நீண்ட கம்பிக் கயிறும் இருக்கும் இடத்தில், தொலைவில் இடி கேட்டாலே ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். இடி வருவது பெரும்பாலும் பிற்பகலில் என்பதால் காலை நேரத்தோடு முடித்துக்கொள்வது நல்லது. செம்பனை மட்டையும் குலையும் தலையில் விழாத தூரத்தில் தடம் போக வேண்டும். மின்தூக்கியும் பாரந்தூக்கியும் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் இந்த நாட்டில் ஓட முடியாது. ஆளை இழுக்கும் கயிற்றைப் பழைய மோட்டாரையும் லோரிச் சக்கரத்தையும் வைத்துக் கொட்டகையில் கட்டிவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வடிவம் வரையும்போதே அந்தத் துறையைக் கேட்க வேண்டும்.

ஒரு தோட்ட நிர்வாகமோ இளைஞர் மன்றமோ இதில் இறங்கினால், முதல் வெள்ளி மோட்டாருக்குப் போகக் கூடாது. கீழே ஒன்று, மேலே ஒன்று என்று நிறுத்தும் பொத்தான்களுக்குப் போக வேண்டும். அடுத்த வெள்ளி அந்தப் பொத்தான்களின் பக்கத்தில் லிஃப்ட் ஓடும் நேரமெல்லாம் கண் எடுக்காமல் நிற்கும் இரண்டு பேரின் சம்பளத்துக்குப் போக வேண்டும். அந்த இருவரையும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டாம். மேடு எது, மழை எப்போது வரும் என்று தெரிந்த பிள்ளைகள் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு முறையான பயிற்சியும் நிரந்தர வேலையும் கொடுங்கள்.