இணைச் சோதனைகளில் போர்ட் எண் மோதலும் அதன் தவிர்ப்பும்

ஒரு கணினி முகவரியில் ஒரு போர்ட் எண்ணை ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு சேவையகம் மட்டுமே பெற இயலும். ஆகவே, 8080 போன்ற நிலையான எண்ணைக் கொண்ட தானியங்கிச் சோதனைகள் தனித்து இயங்குகையில் வெற்றி பெற்று, இணையாக இயங்குகையில் தோல்வியுறுகின்றன. இத்தகைய பொய்த் தோல்விகள் பெருகின், உண்மைப் பிழைகளும் புறக்கணிக்கப்படும்.

காலியான எண்ணை முன்னரே தேடி வைத்துச் சேவையகத்திற்கு அளிப்பதும் முழுத் தீர்வாகாது. இடைப்பட்ட கணத்தில் மற்றொரு சோதனை அதனைக் கைப்பற்றக்கூடும். மாறாக, சேவையகமே 0 என்னும் எண்ணைக் கோரினால், இயக்க முறைமை காலியான ஓர் எண்ணைத் தேர்ந்து அக்கணமே அதற்கு உரியதாக்குகிறது. லினக்ஸில் இவ்வெண் இயல்பாக 32768 முதல் 60999 வரை அமையும். பெற்ற எண்ணைச் சேவையகம் சோதனைக்குத் தெரிவித்தல் வேண்டும். தேர்வும் உரிமையும் ஒரே செயலாவதால் மோதலுக்கு இடமில்லை.